நிறுத்தத் தெரிந்தவருக்கு விளையும் கிழங்கு: சுகர் பீட் சாகுபடி முழு வழிகாட்டி

சுகர் பீட் என்றதும் எங்கள் பக்கம் பாதிப் பேர் சர்க்கரைவள்ளியை நினைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் பொரியலுக்கு வாங்கும் பீட்ரூட்டை. இரண்டாவது கூட்டம்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. பீட்ரூட், சுகர் பீட், கடையில் கட்டுக்கட்டாக விற்கும் பாலக்கீரை மூன்றும் ஒரே தாவர இனம். வேளாண்மைத் துறைத் தாள்களில் சர்க்கரைக்கிழங்கு என்று எழுதுவார்கள், ஆனால் வயலில் பேசும்போது 'பீட்'தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குளிர்நாட்டுப் பயிர் இது. 1747-ல் மார்கிராஃப் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரைதான் என்று காட்டினார். அவருடைய மாணவர் ஆஷார்ட் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிலேசியாவில் முதல் ஆலையை நிறுவினார். வெப்பத்தைத் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள் வந்த பிறகுதான் நம் ஊருக்குப் பொருந்தும் பயிரானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைச் சோதித்துச் சாகுபடி முறையும் வகுத்திருக்கிறது. காவேரி, இண்டஸ், சுப்ரா ஆகிய ரகங்கள் அப்படிப் பரிந்துரைக்கப்பட்டவை.

இந்தப் பயிரில் ஒரு வினோதம் உண்டு. மற்ற பயிர்களில் என்ன கொடுத்தோம் என்பது கணக்கு. இதில் எப்போது நிறுத்தினோம் என்பதே கணக்கு. யூரியாவை நிறுத்தும் நாள், தண்ணீரை நிறுத்தும் நாள் இரண்டையும் சரியாகப் பிடித்தால் செலவு குறையும், சர்க்கரை ஏறும், நிலத்தடி நீரில் உப்பும் நைட்ரேட்டும் சேராது. செலவைக் குறைப்பதும் சூழலைக் காப்பதும் இங்கே ஒரே வேலை.

விதை வாங்கும் முன்: யார் எடுப்பார்கள்?

இதை முதலில் சொல்லாத வழிகாட்டியை நம்ப வேண்டாம். கரும்பு ஆலை இருக்கிறதே, அங்கே கொடுத்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. கரும்பை உருளையில் நசுக்கிச் சாறு எடுக்கிறார்கள். பீட்டை அப்படி நசுக்க முடியாது. மெல்லிய கீற்றுகளாகச் சீவி, 70 டிகிரி அளவு வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இழுக்க வேண்டும். அதற்குத் தனி எந்திரம் வேண்டும். இன்னொன்று, கரும்பில் சக்கை கிடைக்கும், ஆலை அதையே எரித்து நீராவி எடுத்துக்கொள்ளும். பீட்டில் எரிக்கச் சக்கை கிடையாது, எரிபொருளை வெளியே வாங்க வேண்டும். ஆலைகள் தயங்குவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இருந்தாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. 2018-ம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் தயாரிக்க ஏற்ற மூலப்பொருள்களில் சுகர் பீட்டையும் சேர்த்திருக்கிறது. ஒரு டன் கிழங்கில் சுமார் 80 முதல் 100 லிட்டர் எத்தனால் கிடைக்கும். எனவே சர்க்கரை ஆலையை மட்டும் பார்க்காமல் எத்தனால் ஆலைகளிடமும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: விலை எடைக்கா சர்க்கரை அளவுக்கா, மண் கழிவு எப்படிப் பிடிப்பார்கள், லாரி வாடகை யாருடையது, வெட்டச் சொன்ன தேதியில் எடுக்காவிட்டால் நட்டம் யாருக்கு. கடைசியதை நான் ஒருமுறை வாய்ப்பேச்சில் விட்டுவிட்டேன். 'நாளைக்கு வண்டி வரும்' என்று ஆறு நாள் கேட்டேன். வரப்பில் குவித்த கிழங்கு என் கண்முன் சுருங்கியது. கிழங்கில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதனால் ஆலை தூரமாக இருந்தால் நீங்கள் வாடகை கொடுத்துத் தண்ணீரைத்தான் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். 50 கிலோமீட்டருக்குள் ஆலை இல்லாதவர் மாட்டுத்தீவனத்துக்காகக் கால் ஏக்கர் போடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

நிலம்

நல்ல வடிகால் உள்ள செம்மண் கலந்த வண்டல், மணல் கலந்த வண்டல் இரண்டும் உகந்தவை. கார அமில நிலை 6.5 முதல் 8 வரை இருக்கலாம். புளிப்பு மண் ஆகாது. களிமண் கரிசலில் விளையும், ஆனால் பிடுங்கும்போது ஆளுக்கு ஆள் திட்டுவார்கள், கிழங்கோடு கிலோக்கணக்கில் மேல்மண்ணும் லாரி ஏறிப் போய்விடும்.

உவர் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்கலாம். பீட்டின் மூதாதை கடற்கரையில் வளரும் காட்டுச் செடி, அந்த உப்புத் தாங்கும் குணம் இதற்கும் வந்திருக்கிறது. மண்ணின் உப்பளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 7 டெசி சைமன்ஸ் வரை விளைச்சல் குறையாது. நெல்லும் மக்காச்சோளமும் அதற்கு வெகு முன்னரே படுத்துவிடும். ஆனால் முளைக்கும் பருவத்தில் மட்டும் பீட் கோழை, 3-க்கு மேல் போனாலே முளைப்பு அடிபடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. விதைக்கும் முன் ஒருமுறை நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கீழே இறக்குங்கள். பிறகு விதையைப் பாரின் (நீளமாக அணைத்த மண்மேட்டின்) உச்சியில் போடாமல் பக்கச் சரிவில், தண்ணீர் ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே ஊன்றுங்கள். பார்களுக்கு இடையே வாய்க்காலில் பாயும் நீர் பாருக்குள் ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் சேர்க்கும். காய்ந்த பாரின் தலையில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். சரிவில் இருக்கும் விதை தப்பித்துவிடும்.

முந்தைய பயிர் எது என்பதும் முக்கியம். பீட்ரூட், பாலக்கீரை போட்ட நிலத்தில் மூன்று வருடம் இதை வைக்காதீர்கள், ஒரே குடும்பத்து நோய்கள். அதைவிட நம் ஊரில் கவனிக்க வேண்டியது நிலக்கடலை. கடலையில் தண்டழுகல் வந்த வயலா? பீட்டை வைக்காதீர்கள். இரண்டையும் தாக்குவது ஒரே பூசணம். மக்காச்சோளம், நெல், சோளம் அறுத்த நிலம் உத்தமம்.

உழவும் பாரும்

பீட்டின் வேர் நேராக இறங்க வேண்டும். அடியில் கெட்டித் தட்டு இருந்தால் கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரியும். பிரிந்த கிழங்கில் மண் ஒட்டும், எடை குறையும், பிடுங்கும்போது பாதி உள்ளேயே முறியும். டிராக்டர் வருடக்கணக்கில் ஓடிய நிலமென்றால் உளிக்கலப்பை கொண்டு 45 சென்டிமீட்டர் ஆழம் கீறிவிடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், வருடா வருடம் டீசலைக் கரியாக்க வேண்டியதில்லை.

ஏக்கருக்கு 5 டன் நன்றாக மக்கிய தொழு உரம் போடுங்கள். மக்காத சாணம் போட்டாலும் வேர் பிரியும். தொழு உரம் இல்லாதவர்கள் இரண்டு மாதம் முன்பே தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து 45-வது நாள் மடக்கி உழலாம். உழுத பின் மூன்று வாரமாவது மக்க விடுங்கள்.

பாருக்குப் பார் 50 சென்டிமீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்டில் இந்த உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மூன்றாவது நாள் அழுகல் தொடங்கும்.

பட்டம்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை விதைக்கலாம், ஐந்து முதல் ஆறு மாதத்தில் அறுவடை. மழை கொட்டும் கடலோர மாவட்டங்களில் ஐப்பசி விதைப்பு சூதாட்டம், கார்த்திகைத் தொடக்கத்துக்குத் தள்ளுங்கள். கோவை, ஈரோடு, தருமபுரி போன்ற மேற்கு, வடமேற்கு மாவட்டங்களில் புரட்டாசியிலேயே தொடங்கலாம். மார்கழி, தை மாதக் குளிர்ந்த இரவுகள் கிழங்கு பருக்கும் காலத்தில் கிடைத்தால் சர்க்கரை ஏறும். சித்திரை வெயில் வரும் முன் கிழங்கு வயலை விட்டுப் போயிருக்க வேண்டும்.

விதை: முதல் முப்பது நாள்

இயற்கையில் பீட் விதை என்பது ஒரு உருண்டை. அதற்குள் இரண்டு மூன்று விதை இருக்கும், எல்லாம் ஒரே இடத்தில் முளைக்கும், உட்கார்ந்து கலைத்துவிட வேண்டும். 1948-ல் அமெரிக்காவில் சாவிட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒற்றை முளை தரும் செடிகளைக் கண்டெடுத்தார். உலகம் முழுக்க ஆள்கூலி குறைந்ததற்கு அதுவே வித்து. இன்று வரும் பூச்சு விதைகள் ஒற்றை முளை விதைகளே. வாங்கும்போது 'ஒற்றை முளையா' என்று கேட்டு வாங்குங்கள்.

விதையைச் சொந்தமாக எடுத்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சமவெளியில் முடியாது. இது ஈராண்டுப் பயிர், நீண்ட குளிர் பட்டால்தான் பூக்கும். லக்னோ கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் விதை எடுக்க இமயமலைப் பக்கம் முக்தேஷ்வருக்குப் போனதும் அதனால்தான். ஒவ்வொரு முறையும் விதை வாங்கித்தான் ஆக வேண்டும், அதனால் ஒரு விதையைக்கூட வீணாக்காமல் விதைப்பதே சிக்கனம்.

ஏக்கருக்கு 48,000 விதை, செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர், ஆழம் 2 சென்டிமீட்டர். கட்டைவிரல் நகம் மறையும் ஆழம் என்று வேலைக்கு வருபவர்களுக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதற்குக் கீழே போனால் முளை மேலே வராது. பூச்சில் பூச்சிமருந்து இருக்கும், வண்ணமே அதற்கு எச்சரிக்கை. கையுறை போடுங்கள், சிந்திய விதையை மூடுங்கள், கோழிகளை அன்று கட்டி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய மருந்துகளில் மூன்றைத் தேனீக்களை முன்னிட்டு 2018-ல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. மருந்தில்லாப் பூச்சு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசில்லை.

விதைத்ததும் மிக லேசாகத் தண்ணீர். வெள்ளமாகப் பாய்ச்சினால் மேல்மண் காய்ந்து ஏடு கட்டும், அந்த ஏட்டை உடைக்க இந்த மெல்லிய முளைக்கு வலுவில்லை. அப்படி ஆகிவிட்டால் நான்காம் நாள் மாலை இன்னொரு லேசான நனைப்பு கொடுங்கள், ஏடு இளகும்.

பதினைந்தாம் நாள் ஒரு கயிற்றை எடுத்து ஒரு பாரில் 10 மீட்டர் அளந்து செடிகளை எண்ணுங்கள். சரியாக இருந்தால் 50 இருக்கும், ஏக்கருக்கு 40,000 செடி. வயலில் ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி 40-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே என்றால் சந்துகளில் உடனே மறுவிதைப்பு செய்யுங்கள். அதற்குப் பிறகு செய்தால் பின்தங்கிய செடியைப் பெரிய செடி நிழல் போட்டுக் கொன்றுவிடும். கீரை நாற்று மாதிரி பிடுங்கி நடலாம் என்று நினைக்காதீர்கள், ஆணிவேர் முறிந்து கிழங்கு கோணலாகிவிடும்.

களை

முதல் இரண்டு மாதம் இந்தப் பயிர் சோம்பேறி. களை அதன் தலையில் ஏறி உட்காரும். சிக்கனமான வழி விதைப்புக்கு முன்பே தொடங்குகிறது. பார் கட்டியதும் ஒரு தண்ணீர் விட்டு, களை முளைத்த பத்தாம் நாள் மேலாகச் சுரண்டிவிட்டு, பிறகு விதைத்தால் முதல் களையெடுப்பில் பாதி ஆள் போதும். அடுத்து 25-ம் நாள் ஒன்று, 50-ம் நாள் மண் அணைப்போடு ஒன்று. 75 நாளில் இலைகள் ஒன்றோடொன்று கூடிவிடும், பிறகு பயிரே களையைப் பார்த்துக்கொள்ளும்.

சக்கரவர்த்திக் கீரை முளைக்கிறதா என்று பாருங்கள். பீட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், சின்ன வயதில் தோற்றமும் ஏமாற்றும், பூச்சியையும் இழுத்து வரும். பிடுங்கிக் கடையலுக்குக் கொண்டுபோங்கள்.

உரம்: எங்கே நிறுத்துவது?

பரிந்துரை ஹெக்டேருக்கு தழைச்சத்து 150, மணிச்சத்து 75, சாம்பல்சத்து 75 கிலோ. ஏக்கருக்கு 60, 30, 30. மூட்டைக் கணக்கில் டி.ஏ.பி. 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா 105 கிலோ. மணியும் சாம்பலும் முழுக்க அடியுரம். தழைச்சத்தில் பாதி அடியுரம், மீதியை இரண்டாகப் பிரித்து 25-ம் நாளும் 50-ம் நாளும். மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் இதையும் குறைக்கலாம். தொழு உரம் முழுசாகப் போட்டவர் யூரியாவில் 15 கிலோ கழித்துக்கொள்ளலாம்.

அறுபதாம் நாளுக்குப் பிறகு யூரியா மூட்டையைத் திறக்கவே கூடாது. தொண்ணூறாம் நாளில் இலை லேசாக வெளிறும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் 'பயிர் பசியில நிக்குது மாப்ளே' என்பார். நிற்கட்டும். அந்தப் பசிதான் சர்க்கரை. அப்போது யூரியா போட்டால் செடி புதிதாக இலை விடும், கிழங்கில் சேர்த்த சர்க்கரையையே அதற்கு எடுத்துச் செலவழிக்கும். போதாததற்குக் கிழங்கில் அமினோ நைட்ரஜன் ஏறி, ஆலையில் சர்க்கரை மணியாகாமல் பாகிலேயே தங்கிவிடும். கிழங்கு பெரிதாகத் தெரியும், அளந்து பார்த்தால் சர்க்கரை இருக்காது.

குறைக்கக் கூடாத சத்து ஒன்று உண்டு, போரான். கார மண்ணிலும் மணற்பாங்கிலும் இது பற்றாது. நடுக்குருத்து கறுத்துக் கருகும், கிழங்கை வெட்டினால் தலைப்பகுதி உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். இதைப் பூசண நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் அதிகம். பற்றாக்குறை தெரிந்த நிலத்தில் ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸை மணலோடு கலந்து அடியுரமாகத் தூவினால் தீர்ந்தது. அளவு மீறினால் அடுத்து வரும் உளுந்து, அவரை கருகும்.

தண்ணீர்

உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி பீட்டின் மொத்த நீர்த்தேவை 550 முதல் 750 மில்லிமீட்டர், கரும்புக்கு 1,500 முதல் 2,500. ஏக்கருக்கு மாற்றினால் பீட்டுக்கு 22 முதல் 30 லட்சம் லிட்டர், கரும்புக்கு 60 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடி வரை. கரும்பு வயலில் வருடம் முழுக்க நிற்கும், பீட் பாதி வருடம்தான், அதையும் சேர்த்தே பாருங்கள். அப்படியும் பீட் பக்கம்தான் தராசு சாய்கிறது.

முதல் மூன்று மாதம் மண் அடியோடு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்வகையைப் பொறுத்து எட்டு முதல் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர். மதியம் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது வெயில். காலையிலும் துவண்டே இருந்தால்தான் தாகம். தண்ணீர் நின்ற வயலிலும் அப்படித்தான் துவளும், அதனால் மோட்டாரைப் போடும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

சொட்டுநீர் போட முடிந்தால் ஜோடி வரிசையாக, 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, நடுவே ஒரு பக்கக் குழாய் என்று வையுங்கள். குழாய்ச் செலவு பாதியாகும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். யூரியாவை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் வழியே விடலாம். அறுபதாம் நாள் நிறுத்தும் விதி அங்கேயும் உண்டு.

அறுவடைக்கு மூன்று வாரம் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். மண் இறுகிப் பிடுங்க முடியாமல் போனால் மட்டும் முந்தைய நாள் லேசாக நனைக்கலாம்.

பூச்சி, நோய்

பெரும் தொல்லை புரொடீனியா புழு. வரப்போரம் ஆமணக்கு நட்டு வையுங்கள், அந்துப்பூச்சி முதலில் அங்கேதான் முட்டை வைக்கும். பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்கினால் ஒரு கிள்ளலில் நூற்றுக்கணக்கில் போகும். இலை சல்லடைக்கண் போல் ஆகியிருந்தால் அடியில் குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருக்கின்றன என்று பொருள், அன்றே எடுத்துவிடுங்கள். சிதறிவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், தேவைப்பட்டால் மாலையில் என்.பி. வைரஸ் (புழுவுக்கு நோய் தந்து கொல்லும் வைரஸ்) தெளிப்பு. கடைக்காரர் தரும் கலவைப் புட்டி இதற்கெல்லாம் பிறகுதான்.

வேரழுகல் வந்த செடியின் கழுத்தில் வெள்ளைப் பூசண இழையும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரியும். அந்த உருண்டைதான் அடுத்த போகத்துக்கு நோயின் விதை. செடியை மண்ணோடு தோண்டி வயலுக்கு வெளியே எடுத்துப் போய் எரியுங்கள், உழவில் மடக்காதீர்கள். வராமல் தடுக்க, நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை ஏக்கருக்கு ஒரு கிலோ எடுத்து 20 கிலோ தொழு உரத்தோடு கலந்து, ஈரம் தெளித்து ஒரு வாரம் நிழலில் வைத்து, பாரில் இடுங்கள்.

அறுவடை

அடி இலை பழுத்து, மொத்த வயலும் வெளிர்மஞ்சளாகத் தெரியும்போது கணக்குப் பார்க்கும் நேரம். கண்ணை மட்டும் நம்பாமல் சாற்றில் கரைந்த பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு கைப்பிரிக்ஸ் மானி வாங்கிக்கொள்ளுங்கள், நாலு பேர் சேர்ந்தும் வாங்கலாம். 130-ம் நாள் வயலின் வெவ்வேறு இடத்தில் பத்து கிழங்கு பிடுங்குங்கள். நடுப்பகுதியிலிருந்து துண்டு எடுங்கள், தலையிலும் நுனியிலும் சர்க்கரை குறைவு. துருவித் துணியில் பிழிந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விடுங்கள். 20 காட்டினால், சாற்றின் தூய்மை (கரைந்த பொருளில் சர்க்கரையின் பங்கு) 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சாற்றில் 17 சதவீதம் சர்க்கரை. பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், நின்றுவிட்டால் ஆலைக்குப் போன் போடுங்கள்.

வண்டி வரும் தேதி உறுதியாகும் வரை ஒரு கிழங்கையும் பிடுங்காதீர்கள். ஐரோப்பாவில் குளிரில் வாரக்கணக்கில் குவித்து வைப்பார்கள். நம் மாசி, பங்குனி வெயிலில் பிடுங்கிய கிழங்கு மூச்சுவிட்டே சர்க்கரையைத் தின்றுவிடும். 48 மணி நேரத்துக்குள் ஆலையில் இருக்க வேண்டும். இடையில் வைக்க நேர்ந்தால் மர நிழலில் உயரம் குறைவாகப் பரப்பி, கொய்த இலையையே மேலே மூடுங்கள்.

இலையைக் கடைசித் தழும்பை ஒட்டி நேராக வெட்டுங்கள். மேலே விட்டால் கழிவு பிடிப்பார்கள், கீழே வெட்டினால் உங்கள் எடை போகும். ஒட்டிய மண்ணைக் கத்தியின் பின்புறத்தால் தட்டி வயலிலேயே உதிருங்கள், அது பல வருடம் தொழு உரம் போட்டு வளர்த்த மேல்மண்.

விளைச்சல் ஹெக்டேருக்கு 80 முதல் 100 டன் என்று பரிந்துரைகள் சொல்லும், ஏக்கருக்கு 32 முதல் 40. முதல் முறை செய்பவர் வரவு செலவை ஏக்கருக்கு 20 டன் என்று போட்டுப் பாருங்கள். அதில் கட்டுப்படியானால் மட்டும் இறங்குங்கள்.

மிஞ்சும் இலை

இதைக் கால்நடைக்குக் கொடுக்கலாம், ஆனால் பச்சையாக அல்ல. இலையில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, மாட்டின் உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் வாட விட்டு, வைக்கோலோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவையை அந்த நாட்களில் விடாமல் கொடுங்கள். சினை மாட்டுக்கு வேண்டாம்.

மாடு தின்று மிஞ்சியதை வயலிலேயே மடக்கி உழுதால் செடி எடுத்த சாம்பல்சத்தில் பெரும் பங்கு திரும்ப வரும். உழுத ஈரம் காயும் முன் உளுந்து விதைத்துவிடுங்கள். யூரியா வேண்டாம், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் கொண்டு விதைநேர்த்தி செய்தால் போதும்.